ஒரு சின்ன ஃபேனும் ஐந்து இலட்சம் ரூபா வசூலும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டிப் போய்விட்டு கீழே வந்து "ஸேர் என்னமோ எழுதியிருக்கார், அது பிழை" என்று கமென்ட் போட வேண்டாம். வாசித்துவிட்டு ஏசுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

விஷயம் நம்ம அனர்த்தக் குழுவின் ரேடியோ செட். போன வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுத்தார்கள். செட் பழசாகிவிட்டது, இரைகிறது, அதை யாருக்காவது தள்ளிவிட்டு புதிசு ஒன்று எடுப்போம், ஐந்து இலட்சத்துக்கு மேல் போகும், வெளிநாட்டில் இருக்கிற சகோதரர்களிடம் வசூல் போடுவோம் என்று. கையை உயர்த்தாதது நானும், பின்வாங்கில் இருந்த ஒரு காக்காவும் மட்டும். அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். பரவாயில்லை, கணக்கில் இரண்டு பேர்.

"இரைகிறது" என்றால் என்ன இரைகிறது? செட்டா? இல்லை. செட்டின் பின்பக்கம் உள்ள, உள்ளங்கையை விடச் சின்னதான, 60 மில்லிமீற்றர் ஃபேன் ஒன்று இரைகிறது. கூட்டத்தில் இதைச் சொல்ல எழும்பினேன். இஷாவுக்கு நேரமாகிவிட்டது, "ஸேர், பிறகு கதைப்போம்" என்றார்கள். அந்தப் "பிறகு" வரவே இல்லை. அடுத்த நாள் வாட்ஸ்அப்பில் வசூல் போஸ்டர் வந்தது. ஆகவே இங்கே கதைக்கிறேன்.

இந்தச் செட் எதற்கு என்று தெரியாத தம்பிமார் இப்போது ஊரில் நிறையப் பேர். 2004 டிசம்பர் 26இல் அவர்கள் பிறந்திருக்கவில்லை, அல்லது மடியில் இருந்தார்கள். அன்று நம்ம கரையோரத்தில் கடல் ஏறி இறங்கிய பிறகு யார் உயிரோடு, யார் இல்லை என்று கேட்க ஒரு வழி இருக்கவில்லை. லைன் அறுந்த இடத்தில் அறுந்தது, அறுந்திராத இடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் எடுத்ததில் அடைத்துக்கொண்டது. அதே நாட்களில் ஹம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கொண்டுபோனவர்களில் அமெச்சூர் வானொலிக்காரர்களும் இருந்தார்கள். விக்டர் குணதிலக்க போன்றவர்கள் பொழுதுபோக்காக வைத்திருந்த குறுகிய அலை செட்டுகள். கோபுரம் தேவையில்லை, கம்பனி தேவையில்லை. ஒரு பற்றரி, நாலு முழ மரத்துக்கு மேலே இழுத்துக் கட்டிய ஒரு வயர், இயக்கத் தெரிந்த ஓர் ஆள். அவ்வளவுதான். 1978 நவம்பர் சூறாவளியைப் பார்த்த நம்ம வாப்பாமாரிடம் கேளுங்கள், மட்டக்களப்புப் பக்கம் எத்தனை நாள் வெளி உலகத்தோடு தொடர்பில்லாமல் கிடந்தது என்று.

யுத்த காலத்தில் இப்படி ஒரு செட்டை இந்தப் பக்கத்தில் நினைத்தும் பார்க்க ஏலாது. வீட்டில் ஒரு வோக்கிடோக்கி அகப்பட்டாலே போதும், மிச்சத்தை நான் எழுதத் தேவையில்லை. ஆகவே நாம் முறைப்படி பரீட்சை எழுதி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் எடுத்து, ஒரு சகோதரர் கட்டாரிலிருந்து கொண்டுவந்து தந்த பழைய 100 வாட் செட்டை முறைப்படி வைத்திருக்கிறோம். அது ஒருவரின் ஸதகா. நம்ம கையில் உள்ள அமானிதம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

இப்போது அந்த ஃபேனுக்கு நாம் செய்த வைத்தியங்களைச் சொல்கிறேன். யாருடைய பெயரும் சொல்ல மாட்டேன். அவரவருக்குத் தெரியும்.

முதலில் அது காலையில் போடும்போது மட்டும் "கர்ர்ர்" என்றது, இரண்டு நிமிடத்தில் அடங்கியது. எண்ணெய் வற்றிய பெயாரிங்கின் அறிகுறி அது. அப்போதே கவனித்திருந்தால் ஒரு சொட்டு எண்ணெயோடு முடிந்திருக்கும். நானும் கவனிக்கவில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

பிறகு வாசிகசாலையில் பேப்பர் பார்க்கிறவர்களுக்கு இரைச்சல் தாங்கவில்லை. ஒரு நல்ல மனிதர் வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார். ஊற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும், விட்டார் என்று சொல்ல ஏலாது. ஒரு கிழமை சத்தம் இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் தேங்காய் எண்ணெய் சமையலுக்கும் தலைக்கும் உரியது. சூட்டிலும் காற்றிலும் கிடந்து பிசினாகும், தூசியைப் பிடித்து வைக்கும். குளிர் பிரதேசமென்றால் உறைந்தே போகும். நம்ம ஊர்ச் சூட்டில் அந்தப் பயம் இல்லை, ஆனால் கடற்கரை மண்தூசி இருக்கிறதே, அது போதும். மாவு பிசைந்த மாதிரி ஆகிவிட்டது.

அடுத்தது டயர் கடை. செட்டைத் தூக்கிக்கொண்டு போய் கொம்ப்ரஸர் காற்றால் ஊதினார்கள். ஃபேன் விமானம் மாதிரிச் சுற்றியதாம், வீடியோவும் எடுத்தார்கள். அப்படி ஊதும்போது இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது தன் வேகத்தை விடப் பல மடங்கு வேகத்தில் சுற்றி, இருக்கிற பெயாரிங்கையும் தின்றுவிடும். கொம்ப்ரஸர் தொட்டியில் தேங்கும் தண்ணீரும் காற்றோடு சேர்ந்து உள்ளே போகும். ஒரு சாதாரண பெயின்ட் பிரஷ் இருந்திருந்தால் போதும்.

கடைசி வைத்தியம்தான் பெரியது. யாரோ மூடியைக் கழற்றி ஃபேனின் சொக்கட்டையே பிடுங்கிவிட்டார்கள். சத்தம் போச்சு. யாரிடமும் சொல்லவுமில்லை.

நவம்பரில் மழை தொடங்கியதும் வழக்கம்போல் ஒத்திகை. நான் மைக்கைப் பிடித்துக் கதைக்கிறேன். எதிர்ப்பக்கத்து நண்பர், "உங்கட சத்தம் இன்றைக்கு நல்ல சுத்தமா இருக்கு" என்றார். ஃபேன் இரைச்சல் மைக்குக்குள் போய்க் கலப்பது நின்றுவிட்டது அல்லவா! எனக்கும் பெருமை. பத்து நிமிடத்தில் பவர் முள் இறங்குகிறது. செட்டின் மேல் கை வைத்தேன், எடுத்துவிட்டேன். தோசைக்கல்.

ஏன் என்று கேட்கிறவர்களுக்குக் கணக்கு சொல்கிறேன், எட்டாம் வகுப்புக் கணக்குத்தான். முழு வலுவில் இந்தச் செட் 13.8 வோல்ட்டில் சுமார் 20 அம்பியர் இழுக்கும். பெருக்கினால் 276 வாட். அதில் 100 வாட் அன்டெனாவுக்குப் போகிறது. மிச்சம் 176 வாட் எங்கே போகிறது? வெப்பமாக உள்ளேயே நிற்கிறது. நம்ம ரேடியோ பாஸ்மார் வைத்திருக்கிற 40 வாட் சோல்டரிங் அயன் நாலைச் சூடாக்கி ஒரு தடித்த புத்தகம் அளவான இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடினால் என்ன ஆகும்? அதைவிடக் கூடுதல். கதைக்கும்போது குரல் ஏறி இறங்குவதால் சராசரி இதைவிடக் குறைவு என்பது உண்மை. அதனால்தான் பத்து நிமிடம் தாங்கியது. செட்டுக்குள் இருந்த பாதுகாப்புச் சுற்று பவரைக் குறைத்து இறுதி ட்ரான்ஸிஸ்டர்களைக் காப்பாற்றியது. அல்ஹம்துலில்லாஹ். அவை போயிருந்தால் நானே புதுச் செட் வாங்குங்கள் என்று எழுந்து நின்றிருப்பேன்.

சத்தம் போடுகிற ஃபேன் ஒரு தொந்தரவு. சத்தமே இல்லாத ஃபேன் செட்டைக் கொல்லும். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பிடுங்கினோம். அது தெரியாத அதே நாம்தான் இப்போது ஐந்து இலட்சத்துக்குத் தீர்மானம் போடுகிறோம்.

இனி அந்தத் தம்பி. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படிக்கிறவன், பின்னேரங்களில் திரீவீலர் கராஜில் நிற்பவன். நான் கூப்பிட்டேன், வந்தான். முதலில் எதையும் கழற்றவில்லை. ஒரு நீளமான ஸ்குரூட்ரைவரின் நுனியை ஃபேன் சட்டத்தில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். பிறகு ஒரு காது குடையும் பஞ்சுக் குச்சியால் நடுமையத்தை மெதுவாகத் தொட்டு நிறுத்தினான். சத்தம் நின்றது. "ஸேர், பெட்டி அதிரல்ல. ஸ்குரூ லூஸுமில்ல. பெயாரிங்தான்" என்றான். எனக்கு இருபது வருட விஞ்ஞானப் பாட அனுபவம். எனக்கு அது தோன்றவில்லை.

பற்றரி வயரைக் கழற்றினான். ஃபேனை வெளியே எடுத்து, பின்பக்க லேபலை நகத்தால் கிளப்பி, கீழே இருந்த ரப்பர் மூடியை எடுத்து, தண்டைப் பிடித்திருக்கும் சின்ன வெட்டு வளையத்தை ஊசியால் விலக்கினான். அந்த வளையம் தெறித்துப் பறக்கும் என்று முன்கூட்டியே கையால் மறைத்துக்கொண்டான் பாருங்கள், அதுதான் கைப்பழக்கம். இறக்கை கழன்று வந்தது. தேங்காய் எண்ணெய்ப் பிசின் கறுப்பாக இருந்தது. ஐஸோப்ரொபைல் அல்கஹோலால் துடைத்தான். ஒரு நானா டபிள்யூ டி 40 டின்னை நீட்டினார். "அது துருப் பிடிச்ச ஸ்குரூவுக்கு காக்கா, இதுக்கு அடிச்சா கழுவிட்டுக் காஞ்சு போயிடும்" என்று மறுத்துவிட்டான். உம்மாவின் தையல் மெஷின் எண்ணெய்ப் போத்தலைச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தான். இரண்டு சொட்டு. மூடினான். சுற்றினான். சத்தமில்லை. ஃபேன் சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய நாலு வட்டம் வைத்துப் பூட்டினான். செலவு பூச்சியம்.

இரண்டு மாதம் ஓடியது. பிறகு மறுபடி சத்தம். பெயாரிங் ஏற்கெனவே தேய்ந்திருந்தது, எண்ணெய் அதை மறைத்ததே தவிர வளர்க்கவில்லை. இதை அவன் முதல் நாளே சொன்னான்: "ஸேர், இது கொஞ்ச நாளைக்குத்தான், புது ஃபேன் ஒண்டு போடணும்." நான்தான் பள்ளிக்கூட வேலையில் மறந்துவிட்டேன். அந்த மறதியைத்தான் கூட்டத்தில், "பார்த்தீங்களா, ரிப்பேர் பண்ணினது நிக்காது" என்று பிடித்துக்கொண்டார்கள்.

தீர்மானத்துக்கு அடுத்த செவ்வாய் நானும் அவனும் புது ஃபேனைப் போட்டோம். 12 வோல்ட், அதே 60 மில்லிமீற்றர், போல் பெயாரிங் உள்ளது, 950 ரூபா. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. மூன்றாவதாக ஒரு மஞ்சள் வயர் வந்தது. அது சுற்று எண்ணிக்கையைச் சொல்கிற வயர், நம்ம செட்டுக்குத் தேவையில்லை, நுனியை ரேப் சுற்றி மடித்துவிட்டோம். ஆம், தம்பி முதலில் ஃபேனைத் தலைகீழாகப் பூட்டினான். காற்று வெளியே போவதற்குப் பதில் உள்ளே வந்தது. ஒரு டிஷ்யூப் பேப்பரைப் பிடித்துப் பார்த்து அவனே கண்டுபிடித்தான், சட்டத்தில் உள்ள அம்புக்குறியைக் காட்டி அவனே சிரித்தான், பத்து நிமிடத்தில் திருப்பிப் பூட்டினான். அங்கே நின்ற ஒருவர் அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் போட்டோ பிடித்துக் குரூப்பில் போட்டார். "கராஜ் பொடியன்கள்ட கையில ஊர்ட உயிரைக் குடுக்கிறதா?" என்று தலைப்பு.

சகோதரரே, இந்தப் பதிவு உங்களுக்கும் சேர்த்துத்தான். பிழை விட்டு, பிழையைத் தானே கண்டுபிடித்து, தானே திருத்துகிறவன் கையில்தான் நான் என் உயிரைக் கொடுப்பேன். சொக்கட்டைப் பிடுங்கிவிட்டுச் சொல்லாமல் போன கையில் கொடுக்க மாட்டேன். அந்தக் கைக்கு இன்னும் யாரும் போட்டோ எடுக்கவில்லை.

உங்கள் பக்க நியாயத்தையும் மறைக்கவில்லை. "உயிர் காக்கிற சாமானில் பழசை நம்ப ஏலாது" என்கிறீர்கள். கேள்வி நியாயமானது. ஆனால் புதுச் செட்டுக்குள்ளும் இதே மாதிரி ஒரு ஃபேன்தான் வரும். அதுவும் நம்ம கடற்கரை உப்புக்காற்றில், நம்ம மண்தூசியில்தான் சுற்றும். மூன்று நாலு வருடத்தில் அதுவும் "கர்ர்ர்" என்னும். அப்போது என்ன செய்வோம்? மறுபடி வசூலா? 2022ஐ மறந்துவிட்டோமா? சில வாரங்களில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியது, கடையில் பால்மா இல்லை, மருந்து இல்லை. அந்த வருடம் யார் வீட்டில் என்ன ஓடியது? திருத்தியது ஓடியது. அன்று பாஸ்மாரின் வாசலில் வரிசையில் நின்றவர்கள்தான் இன்று "திருத்தினது நிக்காது" என்கிறோம்.

எல்லாவற்றையும் எல்லோரும் திருத்தலாம் என்றும் நான் சொல்லவில்லை. செட் 13.8 வோல்ட்டில் ஓடுகிறது, கை வைக்கலாம். அதற்குக் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை வேறு கதை. அதற்குள்ளும் ஒரு ஃபேன் உண்டு, ஆனால் 230 வோல்ட் நேராக உள்ளே வருகிறது, பிளக்கைக் கழற்றிய பிறகும் கொண்டென்ஸரில் 300 வோல்ட்டுக்கு மேல் நின்று அடிக்கும். அதைத் தெரிந்தவர்தான் திறக்க வேண்டும். தம்பியையும் நான் அதில் தொட விடவில்லை. அதேபோல, ஃபேனுக்கு ஒரு ரெஸிஸ்டரைப் போட்டு வேகத்தைக் குறைத்தால் சத்தம் இன்னும் குறையும் என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மை. வேகம் பாதியானால் சத்தம் 15 டெசிபெல் அளவுக்கு இறங்கும். காற்றும் பாதியாகும். வாசிகசாலையின் அமைதிக்காக அந்தக் காற்றை விலை கொடுக்க எனக்கு விருப்பமில்லை. பேப்பர் பார்க்கிறவர்கள் மன்னிக்கவும், தலைப்புச் செய்தி வாசிக்கப் பூரண நிசப்தம் தேவையில்லை.

உண்மையில் நம்ம குறை செட்டில் இல்லை. இந்த ஊரில் அதை இயக்க உரிமம் உள்ளவர்கள் எத்தனை பேர்? இரண்டு. ஒன்று நான். மற்றவர் தொழிலுக்காக மாதத்தில் பாதி நாள் கொழும்பில். நாளை கடல் ஏறினால், அன்று எனக்குக் காய்ச்சல் என்றால், ஐந்து இலட்சம் செட் கண்ணாடி அலுமாரிக்குள் பளபளவென்று சும்மா இருக்கும். ஏன் இரண்டு பேர் மட்டும் என்று கேளுங்கள். நான் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளைக் கூப்பிடுகிறேன். பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி, "ஸேர், இதுக்கு இஸட் ஸ்கோர் கூடுமா?"

2013இலிருந்து உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு இருக்கிறது. நம்ம ஊரில் அதற்கு இன்னும் என்ன பெயர்? "கணக்கு ஓடாத பிள்ளைகள்ட பிரிவு." டொக்டர், எஞ்சினியர், இல்லாவிட்டால் கட்டார். இடையில் ஒன்றுமில்லை. கையில் கிறீஸ் பட்டால் கலியாணச் சந்தையில் விலை குறைகிறது. அப்படி வளர்த்துவிட்டு, வீட்டில் தண்ணி மோட்டர் நின்றால் பாஸைத் தேடி ஓடுகிறோம், அவர் கேட்கிற கூலிக்கு முகம் சுளிக்கிறோம். நான் ஆசிரியன். இந்த மனப்பான்மையில் பள்ளிக்கூடங்களுக்கும் பங்குண்டு என்று தெரிந்தே எழுதுகிறேன். பரீட்சைக்கு மோட்டரின் படம் கீறப் பழக்குகிறோம், மோட்டரைக் கழற்றப் பழக்குவதில்லை.

வீண்விரயம் பற்றி ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டாதவர் நம்மில் யாருமில்லை. 950 ரூபாவில் முடிந்த வேலைக்கு ஐந்து இலட்சம் என்பது அந்தச் சொல்லுக்குள் வராதா? வெளிநாட்டில் வெயிலில் நிற்கிற ஒரு சகோதரர் அனுப்பப் போகிற காசு அது. அவரிடம், "செட் பழுது" என்று சொல்லிக் கேட்கப் போகிறோம். செட் பழுதில்லை. நேற்று இரவும் நாற்பது நிமிடம் கதைத்தேன். பின்பக்கம் கை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடு.

வசூல் போடவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காசு சேர்க்க விருப்பமென்றால் அதற்கு வேலை இருக்கிறது. நல்ல பற்றரி ஒன்று வேண்டும். இப்போதிருப்பது அரை மணித்தியாலத்தில் இறங்குகிறது. அன்டெனா கேபிளின் மூட்டில் உப்பு பூத்திருக்கிறது, அது மாற்ற வேண்டும். இதே அளவில் இரண்டு ஃபேன் வாங்கிப் பெட்டிக்குள் போட்டு வைக்க வேண்டும். மிச்சத்தில் ஐந்தாறு பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பலாம். பாடம் நான் சொல்லிக் கொடுக்கிறேன், எனக்கு ஒரு சதமும் வேண்டாம். இதையெல்லாம் சேர்த்தாலும் ஐந்து இலட்சத்தின் பக்கத்தில்கூட வராது.

குழுவின் தலைவர் என்னோடு போனில் கதைத்தார். கோபமில்லை, நல்ல மனிதர். "ஸேர், தீர்மானம் எடுத்தாச்சு, இனி மாத்தினா நல்லா இருக்காது" என்றார். ஃபேனைத் தலைகீழாகப் பூட்டிய பொடியன் பத்து நிமிடத்தில் திருப்பிப் பூட்டினான். தீர்மானத்தைத் திருப்பிப் பூட்ட நமக்கு எத்தனை நாள் வேண்டும்?

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வாசிகசாலை மேசையில் செட் மூடி கழற்றியபடி இருக்கும். தேய்ந்த பழைய ஃபேனும் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் விரலால் சுற்றிப் பாருங்கள், காதில் வைத்துக் கேளுங்கள். தம்பியும் வருவான். அவனிடம் கேள்வி கேட்கலாம், ஆனால் மரியாதையாகக் கேளுங்கள். வசூல் புத்தகத்தை அதற்குப் பிறகு திறப்போம்.